தனிமைத் தணிப்பு ஆய்வுகள்

தனிமைத் தணிப்பு ஆய்வுகள் என்பவை, துணையின்றித் தவிப்போரின் மனத்துயரைக் குறைக்கும் வழிகளைத் தேடிச் சோதிக்கும் ஆய்வுகள். சமூகவியல், உளவியல், முதியோர் மருத்துவம் ஆகிய துறைகள் இதில் கலந்துள்ளன. தமிழில் ‘தனிமை’ என்ற ஒரே சொல் இரண்டு நிலைகளைக் குறிக்கிறது. ஆள் பழக்கம் இல்லாமல் தனித்திருப்பது ஒன்று. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் தனக்கென்று ஒருவரும் இல்லையே என மனம் வாடுவது மற்றொன்று. முன்னதை வெளியாள் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். பின்னதை உரியவரே வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. இங்கே முன்னது தனித்திருத்தல் என்றும் பின்னது தனிமையுணர்வு என்றும் குறிக்கப்படுகின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தும் தவறிப்போகும்.

தொடக்க கால ஆய்வுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இத்துறை வேர்விட்டது. வுல்வர்ஹாம்ப்டன் நகர மருத்துவர் ஜே. எச். ஷெல்டன், மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளோடு நிற்காமல் வீட்டிலிருக்கும் முதியவர்களைப் பற்றியும் விசாரித்தறிந்தார். 1948இல் வெளியான அவருடைய நூல் மூட்டுவலி, கண்பார்வைக் குறைவு ஆகியவற்றோடு தனிமையையும் முதுமையின் துன்பங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அடுத்து வந்த பீட்டர் டவுன்சென்ட், கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 203 முதியவர்களைச் சந்தித்தார். தனித்து வாழ்ந்த எல்லாரும் வாடவில்லை. கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ அண்மையில் இழந்தவர்களே மிகவும் வாடினர். ஒட்டியிருந்த உறவு அறுபடுவதே தனிமையுணர்வின் முதற்காரணம் என்பதை 1957இல் வந்த அவருடைய நூல் நிறுவியது. இன்று படித்தாலும் புள்ளிவிவரத்துக்கு நடுவே மனிதர்களின் முகம் தெரியும் நூல் அது.

மனநல மருத்துவம் இதைக் கையிலெடுக்கத் தாமதித்தது. மனநல மருத்துவர் ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் தம் துறை தனிமையைப் பேசாமல் கடந்துபோவதைச் சுட்டி எழுதிய கட்டுரை, அவர் மறைந்து ஈராண்டு கழித்து 1959இல் வெளிவந்தது.

வகைப்பாடும் அளவுகோலும்

துறைக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ். மணமுறிவுக்குப் பின் தனியே பிள்ளை வளர்ப்போர் கூடும் சங்கம் ஒன்றை அவர் கவனித்தார். அங்கே நட்புகள் தாராளமாகக் கிடைத்தன. ஆனாலும் தனிமையுணர்வு தீரவில்லை. தொலைவிலிருந்து பாஸ்டன் வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் இதற்கு நேர்மாறான காட்சி. அன்பான கணவன் உடனிருந்தும், அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணை இல்லாமல் மனைவியர் சோர்ந்தனர். ஆகவே தனிமையுணர்வு இருவகை என்றார் வைஸ். உற்றவர் ஒருவர் இல்லாத குறை உணர்வுத் தனிமை. பழகும் வட்டம் இல்லாத குறை சமூகத் தனிமை. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்ப முடியாது. 1973இல் வெளியான அவருடைய நூலே இன்றுவரை துறையின் அடிப்படை நூல்.

அளவுகோல்கள் இதன்பின் வந்தன. லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல், பெப்லாவ், ஃபெர்குசன் ஆகிய மூவரும் 20 கூற்றுகள் கொண்ட அளவுகோலை 1978இல் வெளியிட்டனர். 1980லும் 1996லும் அது திருத்தப்பட்டது. தொலைபேசிக் கணக்கெடுப்புக்காக 2004இல் அதிலிருந்து மூன்று கேள்விகள் பிரித்தெடுக்கப்பட்டன. துணையில்லை என்று தோன்றுகிறதா, ஒதுக்கப்பட்டதாகத் தோன்றுகிறதா, பிறரிடமிருந்து விலகிக் கிடப்பதாகத் தோன்றுகிறதா என்பவை அவை. ‘நீங்கள் தனிமையில் வாடுகிறீர்களா?’ என்று நேராகக் கேட்பதில்லை. கேட்டால் வெட்கப்பட்டு மறைப்பவர் பலர். வைஸின் இருவகையையும் தனித்தனியே அளக்கும் 11 கூற்று அளவுகோல், நெதர்லாந்தின் ஜென்னி டி யோங் கீர்வெல்ட் பெயரால் வழங்குகிறது.

தணிக்கும் முறைகள்

தணிக்கும் முறைகளுள் பழமையானது, ஆளனுப்பிப் பேசச் செய்வது. இதன் ஆற்றலையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டியது, ரிச்சர்ட் ஷுல்ஸ் 1976இல் வெளியிட்ட சோதனை. முதியோர் இல்லவாசிகளைக் கல்லூரி மாணவர்கள் இரண்டு மாதம் சென்று பார்த்தனர். ஒரு குழுவினர் மாணவர் எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தனர். இன்னொரு குழுவினருக்கு வருகை நேரம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. மூன்றாம் குழுவினரிடம் மாணவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தனர். நான்காம் குழுவுக்கு யாரும் வரவில்லை. முதலிரு குழுக்களின் உடல்நலமும் ஊக்கமும் கூடின. மூன்றாம் குழுவோ யாரும் வராத குழுவைவிட மேம்படவில்லை. ஆட்களின் வருகையைவிட, அதை எதிர்பார்த்துக் காத்திருக்க முடிவதே பயன் தந்தது. சோதனை முடிந்தபின் மாணவர் வருகை நின்றது. நலம் கூடியிருந்த இரு குழுக்களும் பின்னர் வேகமாகச் சரிந்ததை 1978இல் வெளியான தொடராய்வு சொல்கிறது. அன்பு காட்டித் திடுமென விலகுவதும் ஒரு தீங்கே என்பதை எண்ணால் காட்டிய ஆய்வு இது. சில வாரத் திட்டங்களோடு முதியோர் இல்லங்களுக்குச் செல்லும் ஒவ்வொரு தன்னார்வலரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் காசியோப்போ, தனிமையுணர்வைப் பசி, தாகம் போன்ற உடலின் எச்சரிக்கையாகக் கண்டார். நெடுநாள் தனிமையுற்றவர் பிறர் பார்வையிலும் பேச்சிலும் புறக்கணிப்பையே காண்கிறார். அதனால் மேலும் ஒதுங்குகிறார். காசியோப்போவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, தணிப்பு முறைகளை நான்காகப் பிரித்தது: பழகும் திறனை வளர்ப்பது, ஆதரவு தருவது, சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டுவது, கோணலாகிப்போன எண்ணத்தைத் திருத்துவது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்த 20 சோதனைகளை ஒப்பிட்டதில் நான்காவதே முன்னின்றது.

அமெரிக்காவின் டெக்சாஸில் வீட்டுக்கு உணவு பெற்றுவந்த 240 பேரிடம் நடந்த தொலைபேசிச் சோதனை, 2021இல் வெளியானது. சிறிதளவே பயிற்சி பெற்ற இளைஞர்கள் நான்கு வாரம் அழைத்துப் பேசினர். முதல் ஐந்து நாளுக்குப் பின், வாரத்தில் எத்தனை அழைப்பு என்பதை அழைக்கப்பட்டவரே தீர்மானித்தார். தனிமையுணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஷுல்ஸின் முதல் குழுவைப் போலவே, இங்கும் பிடி அழைக்கப்பட்டவர் கையில் இருந்தது.

வேறு வழிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1990களில் தோன்றிய ஆண்கள் பட்டறைகளில், ஓய்வு பெற்றவர்கள் மரவேலை செய்தபடியே பேசிப் பழகுகின்றனர். ஜப்பானில் உருவான ‘பாரோ’ என்னும் கடல்நாய்க்குட்டி வடிவ இயந்திரப் பொம்மை முதியோர் இல்லங்களில் துணையாகப் பயன்படுகிறது.

அரசுகளும் இதில் இறங்கின. தனிமையைக் கவனிக்கும் அமைச்சர் பொறுப்பை 2018இல் பிரிட்டனும் 2021இல் ஜப்பானும் ஏற்படுத்தின. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அமைத்த ஆணையம், உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுவதாக 2025இல் அறிக்கை அளித்தது.