காற்றின் வழி, ஒலியின் வழி

ஜன்னல் என்ற சொல் நமக்குப் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்றது. அவர்களுடைய 'ஜனேலா' நம் நாவில் ஜன்னலாயிற்று. அதற்கு முன்னரே நம்மிடம் சாளரம் இருந்தது, பலகணி இருந்தது. இவற்றுள் எனக்கு மிகவும் உவப்பானது சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்'. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது மானின் கண் போன்ற காலதர்கள் அவற்றில் இருந்ததாக இளங்கோ எழுதுகிறார். ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் 'காற்றுக்கண்' எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லின் வழி வந்ததே. ஒருவரையொருவர் அறியாத இரு மொழியினர், சுவரில் இட்ட துளையைக் காற்றோடும் கண்ணோடும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் துளை ஒரு காதும் கூட. மனையறம்படுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் இருக்கும் மேல்மாடத்துக்குள் தென்றல் நுழைகிறது. சாளரத்தின் குறுகிய கண்கள் வழியே அது வருகையில் வண்டுகளும் உடன் வருகின்றன. வண்டு வந்தால் ரீங்காரமும் வந்தாக வேண்டும். காற்றுக்கென்று திறந்த வழியில் காற்று மட்டும் வருவதில்லை என்பதை இதைவிட இனிமையாகச் சொன்னவர் இல்லை. நெடுநல்வாடை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கூதிர்க்காலம் வந்ததும் விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்படுகின்றன. அவற்றில் சிலந்தி நூல் கட்டுகிறது. வேனிற்காலத்தில் தென்றலைத் தந்த மேல்மாடத்துக் கதவுகள் இறுக்கித் தாழிடப்படுகின்றன. காற்று வேண்டாமென்றால் அடைக்கலாம். காற்று வேண்டும், ஓசை வேண்டாம் என்றால் என்ன செய்வது?

இன்று திருவண்ணாமலையின் ஒரு சாதாரணக் கான்கிரீட் வீட்டில் இந்தக் கேள்வி எழும் இடம் சமையலறைச் சுவரில் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன். அது சுழன்றால் இரைச்சல், நின்றால் புழுக்கம். சுழன்றாலும் நின்றாலும் அதன் துளை வழியே தெருவின் ஹாரன்கள் உள்ளே வருகின்றன. ஹார்டுவேர் கடையில் டப்பாவில் அடைத்து விற்கும், பீய்ச்சியதும் ஊதிப் பெருகும் நுரையைக் கொண்டு ஃபேனைச் சுற்றி அடைத்துவிட்டால் ஓசை அடங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய் என்று பார்ப்பதற்கு, இந்தச் சிக்கலின் நீண்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது.

*

மௌனத்தைத் தேடி வந்தவர்களின் ஊர் இது. 1896 செப்டம்பர் முதல் தேதி இங்கு வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளின் ரமண மகரிஷி, முதலில் அமர்ந்தது கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில். நாற்புறமும் திறந்த மண்டபம், காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ஊர்ச் சிறுவர்கள் கல்லெறிந்தும் கூச்சலிட்டும் அவரை அங்கே இருக்கவிடவில்லை. அவர் அதே மண்டபத்தின் அடியிலுள்ள பாதாள லிங்கக் குழிக்குள் இறங்கினார். வெளிச்சமும் காற்றோட்டமும் அற்ற இடம். அமைதி கிடைத்தது, கூடவே எறும்பும் பூச்சியும் தொடைகளை அரித்துப் புண்ணாக்கின. பிறர் அவரைத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. ஓசையற்ற இடமும் உயிர் தங்கும் இடமும் ஒன்றாக இருப்பது எவ்வளவு அரிது என்பதற்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

1899 முதல் 1916 வரை அவர் வாழ்ந்த விரூபாட்ச குகைக்கு மலையே சுவர். பாறையின் கனத்தைத் தாண்டி ஓசை நுழைவது கடினம். ஆயினும் கோடைக்காலங்களில் முலைப்பால் தீர்த்தத்தை ஒட்டிய மாமரக் குகைக்கு மாறிக்கொள்ள வேண்டியிருந்தது. 1916இல் குடியேறிய கந்தாசிரமத்தில் சுனை உண்டு, நிழல் உண்டு, காற்று உண்டு. ஆனால் அது ஊரையும் கோயிலையும் நேரே நோக்கித் திறந்த இடம். காற்றோடு ஊரின் ஓசையும் மேலேறி வரும். இன்றும் அங்கே கண்மூடி அமர்பவர்கள் கீழே செல்லும் பேருந்துகளின் ஹாரனைக் கேட்கிறார்கள்.

மலையில் குகைகள் என்றால், ஊருக்குள் முற்றம் வைத்த வீடுகள். தமிழகத்துப் பழைய வீட்டின் முற்றம் இந்தச் சிக்கலுக்கு நம் கொத்தர்கள் கண்ட மிகச் சிறந்த தீர்வு என்று நினைக்கிறேன். சூடேறிய காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேறும். அதை ஈடுசெய்யத் திண்ணைப் பக்கமிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே இழுக்கப்படும். துளை வானத்தை நோக்கியது, தெருவை நோக்கியதல்ல. தெருவின் ஓசை உள்ளே வர வேண்டுமானால் திண்ணையைத் தாண்டி, ரேழியின் இருளைத் தாண்டி, திரும்பி நுழைய வேண்டும். தடித்த சுவர் ஓசையை மறித்தது. ரேழி அதைத் தளர்த்தியது. பொறி எதுவும் தேவைப்படவில்லை. மனைகள் சிறுத்து முற்றம் மறைந்தபோது காற்றை வெளியேற்றும் வேலை சுவரில் தொங்கும் மோட்டாரின் மீது விழுந்தது.

*

காற்றைப் பொறியால் தள்ளும் எண்ணம் பழையது. 1736இல் லண்டனில் காமன்ஸ் சபையின் கூரைமேல் தெசகுலியே என்ற அறிஞர் ஒரு பெரிய சக்கர விசிறியை நிறுவினார். அதைக் கையால் சுற்றிய மனிதனுக்கே 'வென்டிலேட்டர்' என்று பெயர். அந்தச் சொல் பின்னர் கருவிக்குப் போயிற்று; நம் ஊரில் கதவுக்கு மேலுள்ள திறப்புக்கு வந்தது; 2020இன் கொள்ளைநோய்க்குப் பிறகு மருத்துவமனையை நினைவூட்டும் அச்சத்துக்குரிய சொல்லாகவும் ஆயிற்று. 1834இல் அந்தச் சபைக் கட்டடம் தீயில் அழிந்த பின் தற்காலிக அவையை ஒழுங்குசெய்த டேவிட் பாஸ்வெல் ரெய்ட், காற்றோட்டத்தையும் செவிப்புலனையும் ஒரே சிக்கலாகக் கண்டார். தரையில் எண்ணற்ற துளைகளிட்டு, மேலே காற்று ஊடுருவும் மயிர்க்கம்பளம் விரித்து, மெல்ல மெல்லக் காற்றைப் பரவவிட்டார். காற்று மெதுவாக, பல வழிகளில் வந்தால் ஓசையின்றி வரும் என்பது அதிலிருந்த பாடம்.

இங்கே வெள்ளையர் கண்ட வழி வேறு. கூரையிலிருந்து தொங்கும் பங்காவின் கயிறு சுவரிலுள்ள துளை வழியே வராந்தாவுக்குப் போகும்; அங்கே ஒரு மனிதர் இரவெல்லாம் அதை இழுத்துக்கொண்டிருப்பார். பொறியியல் மொழியில் சொன்னால், மோட்டாரை அறைக்கு வெளியே வைக்கும் ஏற்பாடு. உள்ளே இருப்பவருக்குக் காற்று. அதை உண்டாக்குபவரின் மூச்சிரைப்பும் இருமலும் சுவருக்கு அப்பால். அவர் களைத்து உறங்கிப் பங்கா நின்றதற்காக அடித்து உதைக்கப்பட்டதும், சிலர் அதில் உயிரிழந்ததும் பிரிட்டிஷ் இந்தியாவின் வழக்குகளில் பதிவாகியுள்ளன. அமைதியான காற்றின் விலையை எப்போதும் யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். மின்விசிறி வந்தபோது அந்த மனிதர் விடுதலையானார். ஓசை அறைக்குள் திரும்பி வந்தது.

அந்த ஓசையை அளக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் எதிரொலி மிகுந்து பேச்சே புரியாதிருந்தது. அதைச் சரிசெய்யப் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், நடுநிசிக்குப் பின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஒலி மறைய எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் வைத்த அலகு எது தெரியுமா? திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லை. ஆகவே அதுவே முழுமையான உறிஞ்சி. கட்டட ஒலியியல் என்ற நவீன அறிவியலின் முதல் அளவுகோல் ஒரு காலதர்தான்.

*

இனி நுரைக்கு வருவோம். பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில், ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் கண்டறிந்தார்கள். ஐசோசயனேட் நீரோடு வினைபுரிகையில் கரியமில வாயு வெளிப்படுகிறது. கெட்டியாகிக்கொண்டிருக்கும் பிசினை அந்த வாயுவே ஊதிப் பெருக்குகிறது. டப்பா நுரைக்கு வேண்டிய நீர் காற்றின் ஈரத்திலிருந்து கிடைக்கிறது. ஆகவேதான் திருவண்ணாமலையின் வறண்ட சித்திரையில் பீய்ச்சுவதற்கு முன் இடுக்கில் சிறிது நீர் தெளிக்கச் சொல்கிறார்கள். போபால் நினைவுள்ளவர்களுக்கு ஐசோசயனேட் என்ற பெயர் நடுக்கம் தரும். 1984இல் அங்கே கசிந்தது இதே குடும்பத்தின் வேறொரு சேர்மம். ஆயினும் கையுறையும் திறந்த கதவும் இல்லாமல் இந்த டப்பாவைத் தொடலாகாது.

இந்த நுரை செய்யும் வேலை ஒன்றே: இடுக்கை அடைப்பது. ஒலியை உறிஞ்ச வேண்டுமானால் ஒரு பொருளின் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்க வேண்டும். உள்ளே புகுந்த காற்று உராய்ந்து தன் அசைவை வெப்பமாக இழக்க வேண்டும். பஞ்சும் மெத்தையும் அப்படிப்பட்டவை. இறுகிய டப்பா நுரையில் கண்ணறைகள் பெரும்பாலும் மூடியவை. எடையும் மிகக் குறைவு. எனவே அது உறிஞ்சுவதும் சொற்பம், மறிப்பதும் சொற்பம்.

ஒரு சிறு கணக்கு. 100 சதுர அடிச் சுவரில் 1 சதுர அடித் துளை இருந்தால், சுவர் கருங்கல்லாகவே இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் ஓசையைத் தடுக்க முடியாது. ஓரடிச் சதுர ஃபேனைச் சுற்றிக் கால் அங்குல இடுக்கு இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு 12 சதுர அங்குலம். ஃபேனின் வாயோ 144. நுரையால் அடைப்பது மொத்தத் திறப்பில் பதின்மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய பன்னிரண்டு பங்கும் திறந்தே கிடக்கிறது. அதுதான் காற்றின் வழி. அதை அடைத்தால் ஃபேனுக்கே பொருளில்லை. போதாக்குறைக்கு, இறுகிய நுரை சட்டத்தைச் சுவரோடு பிணைத்து மோட்டாரின் அதிர்வைச் சுவருக்குக் கடத்தவும் கூடும்.

பயன் தருபவை வேறு. அவை நம் பழைய வீடுகள் அறிந்தவையே. சுவரில் நேர்த்துளைக்குப் பதில் ஒருமுறையேனும் திரும்பும் பெட்டி வழி அமைத்து, உள்ளே எரியாத கனிமப் பஞ்சைப் பதிப்பது: அது ரேழி. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வைப்பது. இவற்றுக்கெல்லாம் மேலாக வேகத்தைக் குறைப்பது. விசிறியின் ஒலி அதன் வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. வேகம் பாதியானால் காற்று பாதியாகும்; ஓசையோ சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் குறைந்தாலே செவிக்கு ஓசை பாதியானதாகத் தோன்றும். ஆகவே சிறிய விசிறி விரைந்து சுழல்வதைவிடப் பெரியது மெல்லச் சுழல்வது நல்லது. ரெய்ட் கண்ட மெல்லிய காற்றும் இதையே சொல்லிற்று.

நுரையின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை பணவிரயத்தோடு முடிந்தால் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில் தீப்பற்றி 100 பேர் மாண்டார்கள். இசையொலி பற்றி அக்கம்பக்கத்தார் முறையிட்டதால் மேடையைச் சுற்றி ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் வாணப்பொறி பட்டதே காரணம். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியாவில் 'கிஸ்' விடுதியில் அதே விதமாக 242 பேர். இந்த நுரை எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகின்றன. பலரைக் கொன்றது புகை. அவர்களுடைய மேடையில் வாணம். நம் சமையலறையில் அடுப்பும், எண்ணெய்ப் பிசுக்கேறிய, சூடாகும் மோட்டாரும். இடுக்கை மணலும் சிமென்ட்டும் கொண்டு பூசினால் நுரையைவிடக் கனமாக இருக்கும், எரியவும் எரியாது.

*

2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இரவு பத்து மணிக்கு மேலான ஒலிபெருக்கிகளைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையோரம் குடியிருப்பவர்கள் இந்த எண்களைப் படித்து என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் தெருக்களின் ஓசையை நாம் ஒன்றுகூடிக் குறைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் சுவரைத் தனியே அடைக்க முனைகிறோம். டப்பா நுரை அந்தத் தனிமையின் சரக்கு. எக்ஸாஸ்ட் ஃபேனின் இரைச்சலிலும் ஒரு பகுதியை நாம் பக்கத்து வீட்டுக்குத்தான் அனுப்புகிறோம், அன்று பங்காக் கயிறு வராந்தாவுக்குப் போனது போல.

பாதாள லிங்கக் குழியில் முழு அமைதி இருந்தது. அங்கே தொடர்ந்து வாழ முடியவில்லை. கந்தாசிரமத்தில் ஓசை இருந்தது; ஆறு ஆண்டுகள் வாழ முடிந்தது. வழியைத் திறந்து வைத்தவன் வண்டையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வண்டு எவ்வளவு மெல்லப் பறக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் சற்றே தீர்மானிக்கலாம்.