மருந்தும் அளவும்

நோவு கண்டவன் வைத்தியரை நாடுவான். மருந்தை வாங்கி உண்பான். நோவு தீர்ந்ததும் மருந்தை மறப்பான். இது உலக வழக்கு. ஆனால் நோவே இல்லாத ஒருவரிடம், "நாள்தோறும் ஒரு குளிசை உட்கொள்ள வேண்டும்; நெடுங்காலம் உட்கொள்ள வேண்டும்" என்று வைத்தியர் கூறினால் அவர் மனம் எளிதில் இணங்குமா? இரத்தத்திலே கொலஸ்திரோல் மிகுந்தவர்களின் நிலை இதுவே. மிகுந்த கொலஸ்திரோல் வலியைத் தருவதில்லை, காய்ச்சலைத் தருவதில்லை. பல்லாண்டுகளாக ஓசையின்றி இரத்தக் குழாய்களிற் படிந்து, பின்னர் ஒருநாள் மாரடைப்பாகவோ பாரிசவாதமாகவோ அது வெளிப்படுகின்றது. அதனைத் தடுக்கும் மருந்தைப் பெற்றோரிற் சிலர், பிறர் சொற்கேட்டு அஞ்சி, இடைநடுவிற் கைவிடுகின்றனர். வேறு சிலர் அளவும் முறையும் பாராது விழுங்குகின்றனர். அச்சம் ஒருபுறம், அசட்டை மறுபுறம். இரண்டும் தீமைக்கே வழி என்பதை அம்மருந்து பிறந்து வளர்ந்த வரலாறே எடுத்துக் காட்டுகின்றது.

கொலஸ்திரோல் என்னும் பொருள் முதன்முதலிற் காணப்பட்டது பித்தப்பைக் கற்களிலேயாம். 18ஆம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தார் அதனைக் கண்டனர். 1815ஆம் ஆண்டளவிலே, அந்நாட்டு இரசாயன அறிஞரான செவ்ரல் அதற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியிலே பித்தத்தையும் திண்மத்தையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கையே அப்பெயர். நெடுங்காலம் வரை அது இரசாயன அறிஞரின் புதுமைப் பொருளாக மாத்திரமே இருந்தது. 1910ஆம் ஆண்டிலே ஜேர்மானியரான விண்டவுஸ், நோயுற்றுத் தடித்த பெருநாடியின் சுவரிலே சுகமான நாடியில் உள்ளதிலும் பன்மடங்கு கொலஸ்திரோல் படிந்திருத்தலைக் கண்டார். 1913ஆம் ஆண்டிலே உருசிய நாட்டு அனிச்கோவ் என்பார், சூரியகாந்தி எண்ணெயிற் கொலஸ்திரோலைக் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். முயல்களின் நாடிகள், மனிதரின் நோயுற்ற நாடிகளைப் போலவே தடித்தன.

ஆயினும், முயலுக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமா என்ற ஐயம் நீடித்தது. அந்த ஐயத்தைத் தீர்க்கும் பணியிலே ஐக்கிய அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் சிற்றூர் பெரும்பங்கு கொண்டது. 1948ஆம் ஆண்டிலே அவ்வூரவர் 5,209 பேரை ஆராய்ச்சியாளர் பரிசோதித்துப் பதிவு செய்தனர். ஆண்டுகள் பல அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். இரத்த அழுத்தம் கூடியவர், புகைபிடிப்பவர், கொலஸ்திரோல் மிகுந்தவர் ஆகியோருக்கே இருதய நோய் அதிகம் வருகின்றது என்பது புலனாயிற்று. கொலஸ்திரோலைக் குறைத்தல் வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

வேட்கை மிகுந்த இடத்திலே அவசரமும் தலைகாட்டும். 1960ஆம் ஆண்டிலே, டிரைபரனோல் என்னும் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கொலஸ்திரோல் நமது ஈரலிலே ஏறத்தாழ முப்பது படிகளில் உண்டாகின்றது. இம்மருந்தோ கடைசிப் படியிலே அதனைத் தடுத்தது. இரத்தத்திற் கொலஸ்திரோல் குறைந்தது உண்மைதான். ஆனால் முடிவுறாத வேறொரு பொருள் உடலிலே தேங்கியது. மருந்துண்டவர்களிற் சிலரின் தோல் வரண்டு வெடித்தது, தலைமயிர் உதிர்ந்தது, கண்களிலே புரை படர்ந்தது.

இதனிலும் கொடியது ஒன்று உண்டு. மருந்தைச் செய்த கம்பெனி, விலங்குகளிற் செய்த பரிசோதனைகளின் முடிவுகளைத் திரித்து எழுதியிருந்தது. அவ்வாய்வுகூடத்திலே பணியாற்றிய ஒரு பெண், ஒரு குரங்கைப் பற்றிய பதிவை மாற்றுமாறு பணிக்கப்பட்டிருந்தார். வேலையை விட்டு விலகிய அப்பெண்ணின் வாயிலாகவே உண்மை அரசாங்க அதிகாரிகளின் செவிக்கு எட்டியது. 1962ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே மருந்து மீளப் பெறப்பட்டது. 1964ஆம் ஆண்டிலே நீதிமன்றம் கம்பெனிக்கு 80,000 டொலர் தண்டம் விதித்தது. பார்வை மங்கியவர்களுக்கு அத்தண்டம் என்ன ஆறுதலைத் தரும்? ஓர் எண்ணைக் குறைத்துவிட்டால் நோயைக் குறைத்ததாகாது என்ற பாடத்தை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

அடுத்த அதிகாரம் யப்பான் நாட்டிலே தொடங்குகின்றது. அகிரா எண்டோ என்பவர் 1933ஆம் ஆண்டிலே அந்நாட்டின் வடபகுதியான அக்கித்தாவிலே பிறந்தவர். சிறு வயது முதலே காளான்களிலும் பூஞ்சணங்களிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. பென்சிலின் பூஞ்சணத்தில் இருந்து பிறந்த செய்தி அவரது உள்ளத்தைக் கவர்ந்தது. இளைஞராக நியூயோர்க் நகரிலே ஆராய்ச்சி செய்த காலத்திலே, இருதய நோய் அந்நாட்டவரை வாட்டுவதையும் கண்டார். தாயகம் மீண்டபின் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது: நுண்ணுயிர்களுள்ளும் ஓயாத போட்டி உண்டு. பகை உயிர்கள் வளராதவாறு, அவற்றின் கொலஸ்திரோல் போன்ற பொருட்களின் ஆக்கத்தைத் தடுக்கும் ஆயுதத்தை ஏதேனும் ஒரு பூஞ்சணம் வைத்திருத்தல் கூடாதா?

1971ஆம் ஆண்டிலே தேடல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளிலே 6,000க்கு மேற்பட்ட நுண்ணுயிர்கள் பரிசோதிக்கப்பட்டன. ஈற்றில், கியோட்டோ நகரத்து அரிசியிற் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணம் ஒன்று அவர் தேடியதை வழங்கியது. அப்பொருளுக்குக் கொம்பக்ரின் என்று பெயர். அது கொலஸ்திரோல் உண்டாகும் வழியின் தொடக்கப் படிகளுள் ஒன்றிலே தடை செய்தது. டிரைபரனோலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. வாய்க்காலைக் கடைமடையில் அடைத்தால் நீர் வயலிலே தேங்கி வரம்பை உடைக்கும். தலைமடையில் அளவாகத் தடுத்தாலோ தேக்கம் இல்லை.

ஆனால் எலிகளுக்குக் கொடுத்தபோது அம்மருந்து பயன் தரவில்லை. எண்டோ சோர்ந்துவிடவில்லை. 1976ஆம் ஆண்டிலே முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தார். முட்டைக்காகக் கோழியின் உடலிலே கொலஸ்திரோல் மிகுதியாக உண்டாகும் அன்றோ? கோழிகளின் இரத்தத்திலே அது பெரிதும் குறைந்தது. நாய்களிலும் குரங்குகளிலும் அதே பயன் தெரிந்தது.

1978ஆம் ஆண்டிலே ஒசாக்கா நகரத்து வைத்தியர் அகிரா யமமோட்டோவிடம் 18 வயதுப் பெண் ஒருத்தி சிகிச்சை பெற்று வந்தாள். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த பரம்பரைக் குறையினால், அவளது இரத்தத்திலே கொலஸ்திரோல் மிக மிக உயர்ந்திருந்தது. வேறு வழியற்ற நிலையிலே புதிய மருந்து அவளுக்குக் கொடுக்கப்பட்டது. கொலஸ்திரோல் இறங்கியது. ஆனால் சில வாரங்களுள் அவளது தசைகள் தளர்ந்தன. நடப்பதற்கும் துன்பமாயிற்று.

அந்த வேளையிலே வைத்தியருக்கு முன் இரு வழிகள் இருந்தன. எண் குறைகின்றது என்று மகிழ்ந்து, தசைத் தளர்ச்சியைப் பொருட்படுத்தாது விடலாம். அன்றி, மருந்து நஞ்சென்று கூறி முற்றாக எறிந்துவிடலாம். யமமோட்டோ இரண்டையும் செய்யவில்லை. மருந்தை நிறுத்தினார், தளர்ச்சி நீங்கியது. பின்னர் அளவைக் குறைத்தார். குறைந்த அளவிலே வேறு நோயாளருக்கும் கொடுத்து, ஒவ்வொருவரையும் கவனித்து வந்தார். கொலஸ்திரோல் காற்பங்குக்கு மேல் இறங்கியது. தசைகளுக்குத் தீங்கு நேரவில்லை. நோயாளியின் முறைப்பாட்டைச் செவிமடுத்த ஒரு வைத்தியரின் பொறுமையே அம்மருந்தின் குலத்தைக் காப்பாற்றியது எனலாம்.

1980ஆம் ஆண்டிலே, மிக உயர்ந்த அளவு கொடுக்கப்பட்ட நாய்களிற் புற்றுநோய் தோன்றியதோ என்ற ஐயத்தினால் கொம்பக்ரின் கைவிடப்பட்டது. ஆயினும், அமெரிக்காவிலே வேறொரு பூஞ்சணத்திலிருந்து பெறப்பட்ட லோவாஸ்டாட்டின் என்னும் உறவு மருந்து, மேலும் பல பரிசோதனைகளின் பின்னர் 1987ஆம் ஆண்டிலே அனுமதி பெற்றது. ஸ்டாட்டின்கள் என்று இன்று வழங்கும் மருந்துகளுள் மக்கள் கைக்கு முதலில் வந்தது அதுவே. அம்மருந்துகள் உயிரைக் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று 1994ஆம் ஆண்டிலே வெளிவந்தது. வட ஐரோப்பாவின் ஐந்து நாடுகளிலே, இருதய நோய் கண்ட 4,444 பேரிற் பாதிப்பேருக்குச் சிம்வாஸ்டாட்டினும், மறுபாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கொடுக்கப்பட்டன. வெற்றுக் குளிசை பெற்றவர்களில் 256 பேர் இறந்தனர். மருந்து பெற்றவர்களில் 182 பேர் இறந்தனர். அரிசியிற் படர்ந்த பூஞ்சணத்திலே தொடங்கிய தேடல் இவ்வாறு பயன் கண்டது. 2024ஆம் ஆண்டிலே, தமது 90ஆம் வயதிலே, எண்டோ காலமானார்.

வெற்றி வந்ததும் அவதானம் குறைதல் மனித இயல்பு. 1997ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்த செரிவாஸ்டாட்டின் என்னும் மருந்து, 2001ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே மீளப் பெறப்பட்டது. அதனை உட்கொண்டோரில் 52 பேரின் மரணங்கள் அப்போது அறிவிக்கப்பட்டிருந்தன. அவர்களுடைய தசைகள் சிதைந்து, அச்சிதைவு சிறுநீரகங்களைத் தாக்கியிருந்தது. அவர்களுட் பலர் மருந்தை உயர்ந்த அளவில் உண்டவர்கள். அல்லது கொழுப்பைக் குறைக்கும் ஜெம்பைபிரோசில் என்னும் மற்றொரு மருந்தையும் சேர்த்து உண்டவர்கள். தனியே நன்மை செய்வது, துணை சேர்ந்தபோது தீங்காயிற்று.

இவ்வகைச் சேர்க்கை உணவிலும் உண்டு. 1989ஆம் ஆண்டளவிலே கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், வேறொரு மருந்தை ஆராய்ந்தபோது, கிரேப்புரூட் பழச்சாறு இரத்தத்திலே அம்மருந்தின் அளவைப் பெருக்குவதைத் தற்செயலாகக் கண்டனர். குடலிலே சில மருந்துகளைச் சிதைக்கும் நொதியத்தை அச்சாறு முடக்கிவிடுகின்றது. சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், அட்டோவாஸ்டாட்டின் என்பனவும் அந்நொதியத்தாற் சிதைபவையே. ஆகவே, ஒரு குளிசை உண்டவர் பல குளிசை உண்டவர் போலாகலாம். கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற சில கிருமிகொல்லி மருந்துகளும், பூஞ்சண நோய்க்குரிய சில மருந்துகளும் அவ்வாறே செய்யும். தொண்டை நோவுக்கு மருந்து வாங்கச் செல்பவர், தாம் கொலஸ்திரோலுக்கு மருந்துண்பதை வைத்தியரிடம் கூறவேண்டியதன் காரணம் இதுவே.

மருந்தின் உண்மைப் பெயரை அறிந்திருத்தலும் இன்றியமையாதது. ஒரே மருந்து பல கம்பெனிகளின் பெயர்களிலே விற்பனையாகின்றது. பெயர் வேறாக இருத்தலால் மருந்தும் வேறென எண்ணி, இரண்டையும் உண்பவர் இருமடங்கு அளவை உண்டவராவர். மருந்துகளை வியாபாரப் பெயரால் அன்றி அவற்றின் பொதுப்பெயராலேயே வழங்க வேண்டும் என்று இலங்கையிலே வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971ஆம் ஆண்டிலே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தோன்றுவதற்கு அவரே முன்னின்றார். குளிசைப் பொதியிலே சிறிய எழுத்தில் உள்ள பொதுப்பெயரை வாசித்தறிபவர் அப்பெரியாரின் நோக்கத்தை நிறைவேற்றுபவராவர்.

"மருந்து வேண்டாம், இயற்கைப் பொருள் போதும்" என்று கூறுவோரும் உளர். சீன நாட்டுச் சிவப்பு நொதியரிசி அவ்வாறு விற்கப்படும் பொருள்களுள் ஒன்று. 1979ஆம் ஆண்டிலே அவ்வரிசியைச் சிவக்கச் செய்யும் பூஞ்சண இனத்திலிருந்து எண்டோ பிரித்தெடுத்த பொருளும், மேற்கூறிய லோவாஸ்டாட்டினும் ஒன்றே எனப் பின்னர் தெரியவந்தது. இயற்கை என்ற பெயரால் அளவு தெரியாத அதே மருந்தை உண்பதில் என்ன பாதுகாப்பு இருக்கின்றது?

இனி, அச்சத்தைப் பற்றியும் வரலாறு ஒரு பாடம் தருகின்றது. 2020ஆம் ஆண்டிலே இலண்டன் நகரத்து ஆராய்ச்சியாளர், பக்கவிளைவுகளினால் ஸ்டாட்டினைக் கைவிட்டிருந்த 60 பேரிடம் ஒரு பரிசோதனை நிகழ்த்தினர். ஓராண்டிலே நான்கு மாதங்கள் ஸ்டாட்டினும், நான்கு மாதங்கள் வெற்றுக் குளிசையும், நான்கு மாதங்கள் ஒன்றுமின்மையும் மாறி மாறி வந்தன. மருந்துண்ட காலத்துத் துன்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெற்றுக் குளிசை உண்ட காலத்திலும் தோன்றின. அத்துன்பம் பொய்யன்று, அவர்கள் உணர்ந்ததே. ஆனால் அதனைப் பெரும்பாலும் விளைத்தது எதிர்பார்ப்பேயன்றி மருந்தன்று. இதனை அறிந்தபின் அவர்களிற் பாதிப்பேர் மீண்டும் மருந்தை உண்ணத் தொடங்கினர்.

ஆகவே, அறிவுடையோர் செய்யத்தக்கது யாது? மருந்து தொடங்குமுன் ஈரலின் நிலையை இரத்தப் பரிசோதனையால் அறிந்துகொள்ளல் வேண்டும். காரணமின்றித் தசைகள் நொந்து தளர்ந்தாலும், சிறுநீர் கருந்தேநீரின் நிறம் கொண்டாலும், கண்கள் மஞ்சளித்தாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும். சிம்வாஸ்டாட்டினை இரவிலே உட்கொள்வர். உடல் கொலஸ்திரோலை மிகுதியாக ஆக்குவது இரவிலே ஆதலின். அட்டோவாஸ்டாட்டின், ரொசுவாஸ்டாட்டின் என்பன நெடுநேரம் உடலில் நிற்பதால் எவ்வேளையும் பொருந்தும். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டித்து உண்ணல் ஆகாது. இரத்தத்திலே சீனி சிலருக்குச் சிறிது உயரக்கூடும். அதனைக் கவனித்துக்கொண்டு மருந்தைத் தொடர்தலே பெரும்பாலோர்க்கு நன்மை. கருவுற்ற பெண்களும், கருவுற எண்ணுவோரும், பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேளாது இம்மருந்தை உண்ணலாகாது. உணவிலே கட்டுப்பாடும், நாளாந்த நடையும், புகையிலையைத் துறத்தலும் மருந்து உண்போருக்கும் வேண்டியனவே.

டிரைபரனோலின் காலத்திலே உடலின் முறைப்பாடு மறைக்கப்பட்டது. பலர் கண்ணொளி மங்கினர். ஒசாக்கா நகரிலே அம்முறைப்பாடு செவிமடுக்கப்பட்டது, அளவு திருத்தப்பட்டது, உலகம் ஒரு நன்மருந்தைப் பெற்றது. ஒவ்வொரு வீட்டிலும் குளிசைப் பொதியைத் திறக்கும் கை, இவ்விரு வழிகளுள் ஒன்றை நாள்தோறும் தெரிந்துகொள்கின்றது. உடல் சொல்வதை ஒளியாது வைத்தியரிடம் உரைத்து, அவர் வகுத்த அளவிலே நிற்பவருக்கு மருந்து துணையாகும்.