அடைக்கலப் பொருள்

ஓரினத்தாரின் வாழ்வை மற்றோரினத்தார் எழுதப் புகும்போது, எழுதுவோர் கையில் இருப்பது அவர்தம் சொந்தப் பொருளன்று. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள். அடைக்கலப் பொருளைப் பேணுதல் எத்துணைப் பேரறம் என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சிலப்பதிகாரம் அதற்கென்றே ஒரு காதையை வகுத்துள்ளது. இவ்வறம் ஆராய்ச்சித் துறையில் எங்ஙனம் பேணப்பட்டது, எங்கே பிறழ்ந்தது என்பதை நீலகிரித் தோடர்களின் வரலாற்றைக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

தோடர்கள் நீலமலையின் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்த மக்கள். அவர்தம் சிற்றூர்க்கு மந்து என்று பெயர். பால் கறத்தலும் தயிர் கடைதலும் அவர்கட்குத் தொழில் மட்டுமல்ல, வழிபாடும் ஆகும். புனித எருமைகளின் பாலைப் பேணும் மனையே அவர்தம் கோயில்; அப்பாலைக் கறப்பவரே பூசாரி. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவர்கள் ஏறத்தாழ 800 பேரே இருந்தனர். ஆயினும் இச்சிறு குடியைப் பற்றி எழுந்த நூல்களும் கட்டுரைகளும் மிகப் பல.

முதலில் வந்தோர் வியப்பால் எழுதினர். 1832இல் ஹார்க்னஸ் என்னும் படைத்தலைவர் வெளியிட்ட நூல், தலைப்பிலேயே இவர்களை ‘விந்தையான’ இனம் என்றது. பின்வந்தோருள் சிலர் இவர்களை உரோமர் வழியினர் என்றனர். சிலர் இசுரவேலரின் காணாமற்போன குலம் என்றனர். 1873இல் மார்ஷல் என்பார், மண்டையோட்டின் வடிவைக் கொண்டு மனிதர் குணத்தை அளக்கும் போலிக்கலையைத் துணைக்கொண்டு ஒரு நூல் எழுதினார். அந்நூலின் இறுதியில் நம் ஜி. யு. போப் எழுதிய தோடமொழி இலக்கணச் சுருக்கமும் இணைந்துள்ளது. ஒரே அட்டைக்குள் ஒருவர் தலையை அளந்தார். மற்றவர் சொல்லைக் கேட்டார். தலையை அளந்த கலை இன்று மறைந்தொழிந்தது. சொல்லைக் கேட்ட முயற்சியோ திராவிட மொழியாய்வுக்கு வித்தாய் நின்றது. அளத்தலுக்கும் கேட்டலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அடுத்து வந்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். அவர் 1906இல் வெளியிட்ட ‘தோடர்கள்’ என்னும் பெருநூல் மானிடவியலின் தூண்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. உழைப்பிலும் நேர்மையிலும் குறைகாண முடியாத அந்நூலின் முன்பகுதியில் நம் நெஞ்சை உறுத்தும் செய்தியொன்று உண்டு. மறைவாகக் காக்க வேண்டிய சடங்குகளையும் இடங்களையும் அவர்க்குக் காட்டியவர்கள் அடுத்தடுத்து இன்னலுற்றனர். நோயும், வீட்டில் சாவும், ஊர்ப் பால்மனை தீக்கிரையானதும் நேர்ந்தன. மறைபொருளை அயலார்க்கு உரைத்தமையால் தெய்வங்கள் சினந்தன என்று தோடர் கருதினர். செய்தி கூற வந்தோர் பின்வாங்கினர்.

இதனை மறையாது எழுதியது ரிவர்ஸின் பெருந்தன்மை. எனினும் அம்மறைபொருள் அச்சேறியது. மாண்ட உறவினரின் பெயரை வாயாற் சொல்லலாகாது என்பது தோடர் மரபு. அப்பெயர்களெல்லாம் குலவழி அட்டவணைகளாக நூலில் இடம்பெற்றன. தெய்வச் சினம் உண்டோ இல்லையோ, அதுவன்று வழக்கு. பொருளுக்கு உரியவர் ‘போதும்’ என்று கையை இழுத்துக்கொண்ட பின்னும், முன்னே பெற்றது யாருடையது என்பதே வழக்கு. அறிவு வளர்ந்தது, அதன் அச்சத்தைச் சுமந்தவர்களோ அவ்வறிவில் பங்கு பெறாதவர்கள்.

எழுதாதிருந்தால் எல்லாம் அழிந்திருக்குமே என்பாருளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ந்த எம். பி. எமனோ, தோடர் பாடல்களை அவர்தம் மொழியிலேயே ஒலி பிறழாது பதிந்து, 1971இல் ஆக்ஸ்போர்டில் பெருந்தொகுதியாக வெளியிட்டார். ஒன்றுக்கொன்று இணையாய் அமைந்த சொற்றொடர்களால் ஆண்களும் பெண்களும் தாமே பாட்டுக் கட்டும் அம்மரபின் இலக்கணத்தை உலகறியச் செய்தார். பாடுவோரைப் புலவராக மதித்த பணி அது. ஆயின் அத்தொகுதி ஆங்கிலத்திலும் ஒலிக்குறிகளிலும் அமைந்தது. பாடியவர் பேரப்பிள்ளைகள் எளிதில் எடுத்துப் படிக்கும் நூலாக அது இல்லை. ஆகவே, எழுதலாமா என்பதன்று வினா. யார் இசைவுடன் எழுதுவது, யார் பெயரால் வெளியிடுவது, யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்பனவே வினாக்கள்.

அறிவுக்குப் பொருந்துவது கைவினைக்கும் பொருந்தும். தோடர் பெண்கள் வரைபடமின்றி, துணியின் இழைகளை எண்ணியே கருப்பும் சிவப்புமாய்ப் பூவேலை செய்வர். பூத்துக்குளி என்னும் அப்போர்வை வாழ்வோர்க்கும் உரியது. இறந்தோரை வழியனுப்பவும் உரியது. அவ்வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெண்கள் தாமே பைகளும் மேலாடைகளும் தைத்து விற்பது அவர்தம் உரிமை. அதே கோலத்தை எந்திரத்தில் அச்சிட்டுத் தோடர் பெயரால் விற்பது களவு. பொருள் ஒன்றே, இசைவு ஒன்றே இரண்டையும் பிரிக்கின்றது.

ஊர்ப்பெயரின் கதையும் இத்தகையதே. ஒத்தக்கல் மந்து என்பதே உதகமண்டலமாகத் திரிந்தது என்பர். அங்ஙனமாயின் மந்து மண்டலத்துள் மறைந்தது. மலைக்குச் செல்லும் எத்தனை பேர்க்கு அச்சொல்லின் உரிமையாளரைத் தெரியும்?

தோடர் என்பது பிறர் இட்ட பெயர். அவர்கள் தம்மை ‘ஓள்’ என்பர். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, இச்சொல்லை நம் ‘ஆள்’ என்னும் சொல்லோடு ஒரே வேரில் வைக்கின்றது. வியந்தும் அளந்தும் எழுதியோர் தேடிய உரோமரும் இசுரவேலரும் அங்கில்லை. அங்கிருந்தவர் ஆள், நம் சொல்லையே தம் பெயராகக் கொண்ட மனிதர்.

தமிழ்ச் சங்கங்களின் மலர்களில் மலைவாழ் மக்களைப் பற்றிய கட்டுரைகள் வருவது வரவேற்கத்தக்கதே. அவர்தம் பாட்டை அச்சிடுமுன் பாடியவரைக் கேட்போம். அவர் வேண்டாம் என்பதை விடுப்போம். தருவதை அவர் பெயரோடு வெளியிடுவோம். மலரின் முதற்படியை அவர்தம் மந்துக்கே அனுப்புவோம். அடைக்கலம் பெற்றோர்க்கு வேறு கடனில்லை.