இருவர் மேடையில் நால்வர் இசை

மேடையில் நிற்பவர்கள் இருவர்தாம். ஒருவர் கையில் கிட்டார். இன்னொருவர் டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். ஆனால் காதில் விழுவது இருவரின் இசையாக இல்லை. அடியில் பாஸ் கிட்டார் கனமாக நடக்கிறது. அதன்மேல் ஒரு கிட்டார் தாளக்கட்டோடு ஓடுகிறது. அதற்கும் மேலே இன்னொரு கிட்டார் பாடுகிறது. திரைக்குப் பின்னால் யாரேனும் ஒளிந்திருக்கிறார்களோ என்ற ஐயம் எவருக்கும் எழும். வேடிக்கை என்னவென்றால், இக்கலையின் தொடக்கக் காலத்தில் உண்மையாகவே ஒருவர் ஒளிந்திருந்தார்!

அமெரிக்காவின் லெஸ் பால், மேரி ஃபோர்ட் தம்பதியரை 1950களில் அறியாத வானொலி நேயர்கள் அந்நாட்டில் குறைவு. கணவர் கிட்டார், மனைவி பாட்டு. இவர்களுடைய இசைத்தட்டுகளிலோ ஒரே மேரி பல குரல்களில் பாடுவார். ஒரே லெஸ் பால் பல கிட்டார்களை வாசிப்பார். 1951-இல் வெளிவந்த 'ஹவ் ஹை த மூன்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இதை அவர் சாதித்த விதம் சற்று விரிவாகவே சொல்லத்தக்கது.

முதலில் அவர் வட்டுகளை வைத்துச் சமாளித்தார். ஒரு வட்டில் ஒரு கிட்டாரைப் பதிவு செய்து, அதை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து வாசிப்பதை இன்னொரு வட்டில் பதிவார். 1948-இல் வெளிவந்த 'லவர்' இப்படிப் பிறந்ததுதான். 1949-இல் பாடகர் பிங் கிராஸ்பி ஓர் ஆம்பெக்ஸ் ஒலிநாடாக் கருவியை அவருக்கு அன்பளிப்பாகத் தந்தார். லெஸ் பால் அதில் கூடுதலாக ஒரு தலைப்பகுதியைப் பொருத்தினார். நாடாவில் ஏற்கெனவே இருப்பது அழிக்கப்படுவதற்கு முன் அதை இது படித்துவிடும். படித்த ஒலியும் புதிதாக வாசிக்கும் ஒலியும் சேர்ந்து அதே நாடாவில் பதியும். இப்படி அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டே போகலாம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. பழைய பதிவு அழிந்துதான் புதிய பதிவு பிறக்கிறது. எட்டாவது அடுக்கில் விரல் ஒரு முறை தடுமாறினால், முந்தைய ஏழு அடுக்குகளும் சேர்ந்தே போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தவிர, ஒவ்வொரு முறை மறுபதிவாகும்போதும் பழைய ஒலி சற்று மங்கும். ஆகவே முக்கியமில்லாத பகுதிகளை முதலிலும், முக்கியமானவற்றைக் கடைசியிலும் பதிவது அவர் வழக்கம். நாம் வீட்டைக் கட்டிவிட்டுக் கோலம் போடுவோம். அவரும் அப்படியே செய்தார். கோலம்தான் எல்லார் கண்ணிலும் படும் என்று தெரிந்து செய்தார்.

பதிவுக்கூடத்தில் சரி. மேடைக்கு என்ன செய்வது? இசைத்தட்டில் கேட்டதை அப்படியே நேரிலும் கேட்க வேண்டும் என்று மக்கள் சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குத்தான் மேரியின் சகோதரியை மறைவில் ஒரு ஒலிவாங்கியோடு நிறுத்தி, மேரியோடு இணைந்து பாட வைத்தனர். பிறகு 'லெஸ் பால்வரைசர்' வந்தது. வானொலி நிகழ்ச்சியில் ஒரு நகைச்சுவைக் கற்பனையாகவே முதலில் அந்தப் பெயர் அடிபட்டது. பின்னாளில் அது கிட்டாரில் பொருத்தப்பட்ட உண்மையான சிறு பெட்டியாயிற்று. மறைவில் இருக்கும் நாடாக் கருவியை மேடையிலிருந்தே இயக்க அது உதவியது. ஒளிந்திருந்த ஆளின் இடத்தில் ஒளிந்திருக்கும் கருவி வந்து அமர்ந்தது என்று சொல்லலாம்.

முன்பே பதிந்து வைத்த நாடாவை மேடையில் ஓடவிடுவதும், மக்கள் கண்ணெதிரே வாசித்ததை அங்கேயே பிடித்துத் திருப்பி ஒலிக்க வைப்பதும் வெவ்வேறு. இந்த இரண்டாவதைத்தான் இன்று இசைக்கலைஞர்கள் 'லூப்' என்கிறார்கள்.

நாடா தந்த வரம்

1963-இல் பாரிஸ் நகரின் பிரெஞ்சு வானொலிக் கூடத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி ஒரு நாடகத்துக்காக இசை அமைத்துக்கொண்டிருந்தார். எக்காளக் கலைஞர் செட் பேக்கர் உடனிருந்தார். ஒலி திரும்பத் திரும்ப வந்து அடுக்கிக்கொண்டே போக வேண்டும் என்று ரைலி கேட்டார். அங்கிருந்த பொறியாளர் இரண்டு நாடாக் கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நாடாவை இரண்டிலும் மாட்டினார். முதல் கருவி பதியும். இரண்டாவது கருவி படிக்கும். படித்தது மீண்டும் முதல் கருவிக்கே போய்ச் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாடா நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடுகிறது. கருவிகளுக்கு இடையே மூன்று அடி தூரம். அப்படியானால் வாசித்த ஒலி ஐந்து நொடிக்குச் சற்று முன்னதாகத் திரும்பி வரும். நேரம் கூட வேண்டுமென்றால் கருவியைத் தள்ளி வைக்க வேண்டும், வேறு வழியில்லை.

இதே ஏற்பாட்டை 1972-இல் லண்டனில் பிரையன் ஈனோ தம் வீட்டில் வைத்திருந்தார். கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் அங்கே வந்து வாசித்தது அடுத்த ஆண்டு இசைத்தட்டாயிற்று. 1975-இல் இருவரும் ஐரோப்பிய மேடைகளில் ஏறினர். ஒரு கிட்டார், இரு நாடாக் கருவிகள், இரண்டே மனிதர். 1979-இல் ஃபிரிப் தனியாகவே இக்கருவிகளோடு இசைத்தட்டுக் கடைகளிலும் உணவகங்களிலும் கூட வாசித்தார்.

இவர்கள் இசையில் டிரம்ஸ் இல்லை. அது தற்செயலன்று. மூன்று அடி தூரத்தில் பிறந்த அந்த ஐந்து நொடி எந்தத் தாளத்துக்கும் கட்டுப்பட்டது அல்ல. தாளம் இல்லாத இசையில் அதனால் யாருக்கும் நட்டமில்லை. நம் கச்சேரி மேடையில் மின்சாரச் சுருதிப் பெட்டி இருக்கிறதே, அது யார் பாடினாலும் யார் நிறுத்தினாலும் தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும். அதற்குத் தாளம் கிடையாது; ஆகவே மிருதங்கத்தோடு சண்டையும் கிடையாது. பக்கத்தில் ஒரு டிரம்ஸ் வந்து உட்கார்ந்தால்தான் தொல்லை தொடங்கும்.

பாஸ் இல்லாத குழுக்கள்

ராக் இசையில் இருவர் குழுக்கள் தோன்றியதற்குப் பெரும்பாலும் கலைக் கொள்கை காரணமன்று. ஒருவர் குழுவை விட்டுப் போய்விடுவார். அல்லது கிடைக்கும் பணத்தை நான்காகப் பிரித்தால் பெட்ரோலுக்குக் கூடக் காணாது. இலினோய் மாநிலத்தின் லோக்கல் எச் குழுவில் 1993-இல் பாஸ் வாசித்தவர் விலகிக்கொண்டார். ஸ்காட் லூக்கஸ் வேறு ஆள் தேடவில்லை. தம் கிட்டாரிலேயே பாஸ் கிட்டாருக்குரிய ஒலியுணரி ஒன்றைப் பொருத்தி, அதன் ஒலியைத் தனி ஒலிபெருக்கிக்கு அனுப்பினார். ஒரே கை இரண்டு கருவியாயிற்று.

டெட்ராய்ட்டின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவில் ஜாக் ஒயிட்டும் மெக் ஒயிட்டும் 1997 முதல் பாஸ் இல்லாமலேயே வாசித்தனர். அந்த வெறுமையையே தங்கள் அடையாளமாக்கிக்கொண்டனர். 2003-இல் உலகெங்கும் ஒலித்த 'செவன் நேஷன் ஆர்மி' பாடலின் தொடக்கத்தைப் பாஸ் கிட்டார் என்றே பலர் நினைத்தனர். அது கிட்டார்தான், காலடிப் பெடல் ஒன்று சுருதியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியது. கிட்டாரின் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். பாஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி 41 முறை. சரி பாதி. அந்தப் பாதியைப் பெடல் செய்து கொடுத்துவிடுகிறது.

ஆனால் இவ்வழிகளுக்கு ஒரு குறை உண்டு. பாஸும் கிட்டாரும் ஒரே விரலசைவில் பிறப்பதால் இரண்டும் ஒன்றையே பேசும். பாஸ் ஒரு வழியிலும் கிட்டார் இன்னொரு வழியிலும் போக வேண்டுமானால், ஒன்றை வாசித்து முடித்துவிட்டு மற்றதை எடுக்க வேண்டும். முதலில் வாசித்ததை அதுவரை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும்.

அந்த வேலைக்குத்தான் மின்னணு லூப் பெடல் வந்தது. 1980களின் தொடக்கத்தில் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 16 நொடிகள் பிடித்து வைக்கும் கருவியை விற்றது. 1999-இல் லைன் 6 நிறுவனத்தின் டிஎல்4 பெடல் 14 நொடிகள் தந்தது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில், நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி வேண்டும். எட்டுச் சுற்றுக்கு 16 நொடி. ஆக, 14 நொடியில் எட்டுச் சுற்றுப் பாடல் ஒன்று முழுதாக அடங்காது! 2001-இல் பாஸ் நிறுவனத்தின் ஆர்சி-20 ஐந்தரை நிமிடம் தந்தபோது இந்தக் கவலை தீர்ந்தது. (இது நிறுவனத்தின் பெயர், கிட்டாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நினைவு கூடியது பெரிய செய்திதான். அதைவிடப் பெரிய செய்தி காலடியில் இருந்தது. ஃபிரிப்பின் காலத்தில் சுழற்சியின் நீளத்தைக் கருவிகளின் இடைவெளி தீர்மானித்தது. இப்போது கலைஞரின் கால் தீர்மானிக்கிறது. ஒரு மிதி, பதிவு தொடங்குகிறது; மறு மிதி, பதிவு முடிந்து சுழலத் தொடங்குகிறது. தாளத்தோடு கூடிய லூப் இதனால்தான் சாத்தியமாயிற்று. தவறு செய்யும் வாய்ப்பும் இதனால்தான் வந்தது.

இரண்டாவது மிதி ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். காது முதல் சுற்றில் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் அந்தத் தாமதம் ஒவ்வொரு சுற்றிலும் சேரும். இருபது சுற்று ஆனதும் ஒரு முழு நொடி, அதாவது இரண்டு தட்டு, வழுக்கியிருக்கும். டிரம்ஸ் வாசிப்பவர் தம் தாளத்தை விடாப்பிடியாகக் காப்பாற்றியிருந்தால், அவர் ஓரிடத்திலும் பாஸ் வேறிடத்திலும் நிற்கும். மனிதர் பாஸ் வாசித்தால் டிரம்ஸைக் கேட்டு ஒரு கணம் பொறுத்துக்கொள்வார், அல்லது முந்திக்கொள்வார். பெடல் நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் கேட்காது.

ஆகவே பொறுப்பு முழுவதும் டிரம்ஸ் வாசிப்பவர் தலையில் விழுகிறது. குழுவுக்கே காலக்கணக்கு வைத்தவர் இப்போது கருவியின் கணக்கைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது. கிட்டார் ஒலியைவிட லூப்பின் ஒலி அவர் காதில் தெளிவாக விழ வேண்டும். அதற்காகவே அவர் பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கியோ காதில் ஓர் ஒலிவாங்கும் கருவியோ வைக்கிறார்கள். சிலர் பெடலுக்கு ஒரு மின்னணுத் தாளக்குறியை அனுப்பி எல்லாவற்றையும் அதற்குக் கட்டிவிடுவார்கள். தவறு குறையும், பாட்டு கொஞ்சம் கடிகாரமாகவும் ஆகிவிடும்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2002-இல் உருவான எல் டென் இலெவன் இக்கலையில் நல்ல எடுத்துக்காட்டு. லாக்ஹீட் எல்-1011 விமானத்தின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. கிறிஸ்டியன் டன் இரட்டைக் கழுத்துக் கருவி வாசித்தார். ஒரு கழுத்து பாஸ், மறு கழுத்து கிட்டார். டிம் ஃபோகர்ட்டி டிரம்ஸ். இருவரும் பாடுவதில்லை, முன்பதிவும் கிடையாது. டன் பாஸில் ஒரு வரியை வாசித்து லூப்பில் பிடிப்பார். கை மேல் கழுத்துக்கோ கீழ்க் கழுத்துக்கோ தாவும். கருவியை மாற்றும் நேரம் மிச்சம். அதன்மேல் கிட்டார் வரி, அதன்மேல் இன்னொன்று. 2007-இல் வெளிவந்த 'ஹெல்வெட்டிகா' ஆவணப்படத்தில் இவர்களுடைய இசையைக் கேட்கலாம்.

இத்தகைய குழுக்களைப் பார்த்து, 'இது ஏமாற்று வேலை. ஒரு பாஸ் கலைஞரின் பிழைப்பைப் பெடல் தின்றுவிட்டது' என்று சொல்வோர் உண்டு. பிழைப்பைப் பற்றிய குறை நியாயமானதே. அதைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் ஏமாற்று வேலை என்பது பொருந்தாது. மறைவில் ஓடும் நாடாவில் பிழை இருக்காது. லூப்பில் ஒரு தவறான சுரம் விழுந்தால், அது பாட்டு முடியும் வரை எல்லார் முன்னிலையிலும் வந்துகொண்டே இருக்கும். லெஸ் பால் தம் பதிவுக்கூடத்தில் தனிமையில் சந்தித்த அதே ஆபத்தை இவர்கள் சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு நடுவே சந்திக்கிறார்கள்.

பாட்டமைப்பிலும் இதன் தடம் தெரியும். ஒரே சுழற்சி ஒரே சுரக்கோவையில்தான் நிற்கும். பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு வேறொன்று என்றால் இரண்டு லூப்புகள் வேண்டும். ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்கக் கால் ஆட வேண்டும். அதனால் இருவர் குழுக்களின் பாடல்கள் பல, சிறிதாகத் தொடங்கி மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகும். கேட்பவர் அதைப் பாணி என்பார். பாதி பாணி, பாதி பெடலின் கட்டாயம்.

முடிப்பதும் எளிதன்று. டிரம்ஸ் கடைசித் தட்டைத் தட்டும் அதே கணத்தில் கிட்டார் கலைஞரின் கால் பெடலை நிறுத்தியாக வேண்டும். ஒற்றைப் பொத்தான் கொண்ட பெடல்கள் பலவற்றில் நிறுத்துவதற்கு இரண்டு முறை வேகமாக மிதிக்க வேண்டும். இரண்டாவது மிதி சற்றுப் பிந்தினால், டிரம்ஸ் ஓய்ந்து கைதட்டல் தொடங்கிய பிறகு, யாரும் வாசிக்காத ஒரு பாஸ் சுரம் மட்டும் தனியாக ஒலித்துவிட்டுப் போகும்.