கையைப் பார்க்காதே, காலைப் பார்: சேத்துப்பட்டிலிருந்து போரூர் வரை

பள்ளி விளையாட்டுப் பட்டியலில் சாஃப்ட்பாலும் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கிரிக்கெட்டுக்கு இருக்கிற கூட்டம் இதுக்குக் கிடையாது. ஆனா ஆடுகிற பிள்ளைகளில் பிட்ச்சராக நிற்கிறவர் மேல்தான் மொத்த டீமும் தொங்கும். பந்து அகலமாகப் போனால் ஓரத்தில் நிற்கிற எல்லாரும் ஒரே மாதிரி கத்துவார்கள்: "கையை நேரா வீசும்மா!"

இந்த அறிவுரை சரியா? வீசுகிற கையைத் திருத்துவது எப்படி என்ற கேள்விக்கு ஏறக்குறைய 200 வருஷ வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் இரண்டு முக்கியமான முகவரிகள் நம்ம சென்னையிலேயே இருக்கின்றன. ஒன்று சேத்துப்பட்டு. இன்னொன்று பூந்தமல்லி சாலையில் போரூர். இரண்டும் கிரிக்கெட் முகவரிகள்தான். ஆனா அங்கே கற்றுக்கொண்ட பாடம் சாஃப்ட்பால் ஆடுகிற பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. கிரிக்கெட் ஆரம்பத்தில் அண்டர்ஆர்ம் ஆட்டம். கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் பந்து போட வேண்டும். 1822இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஜான் வில்ஸ் என்பவர் கையைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து வீசினார், அம்பயர் நோ-பால் கொடுத்தார். வில்ஸ் கோபித்துக்கொண்டு ஆட்டத்தை விட்டே போய்விட்டார் என்பார்கள். தலைக்கு மேலே கையைத் தூக்கி வீச அனுமதி கிடைத்தது 1864இல். அமெரிக்காவில் பேஸ்பாலும் கீழேயிருந்து வீசுகிற ஆட்டமாகத்தான் தொடங்கியது. அங்கே நேஷனல் லீக் 1884இல் மேலேயிருந்து வீசுவதை அனுமதித்தது. மூன்றே வருஷம் கழித்து, 1887இல், சிகாகோவில் ஒரு கட்டடத்துக்குள் விளையாட்டாக ஆரம்பித்ததுதான் சாஃப்ட்பால். அது மட்டும் அண்டர்ஆர்மை விடாமல் பிடித்துக்கொண்டது. பிறகு கையை முழு வட்டமாகச் சுழற்றி வீசுகிற 'விண்ட்மில்' முறை வந்தது.

ஆக, இந்த ஆட்டங்களின் விதிப்புத்தகங்கள் ரொம்ப காலம் கவலைப்பட்டது கையைப் பற்றி மட்டும்தான். கை எந்த உயரத்தில் வருகிறது, முழங்கை மடங்குகிறதா என்று பார்த்தார்கள். காலையும் இடுப்பையும் யாரும் பெரிசா கண்டுகொள்ளவில்லை.

அதை மாற்றியது ஒரு முதுகுவலி.

1973இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்குக் கீழ் முதுகெலும்பில் அழுத்த முறிவுகள் ஏற்பட்டன. அடிபட்டு உடைகிற முறிவு வேறு, இது வேறு. ஒரே எலும்பில் ஒரே மாதிரி பாரம் ஆயிரக்கணக்கான தடவை விழுந்து மெல்ல மெல்ல விரிசல் விடுவது. அப்போது அவருக்கு வயது 23. முதுகுக்கு மாவுக்கட்டு போட்டு வாரக்கணக்கில் கிடந்தார். இனி அவ்வளவுதான் என்று பலரும் பேசினார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஃப்ராங்க் பைக், லில்லிக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தார். உடம்பை வலுப்படுத்தி, வீச்சையும் சீரமைத்துக்கொண்டு லில்லி திரும்பி வந்தார். 1974-75 ஆஷஸ் தொடரில் மட்டும் 25 விக்கெட். மொத்த டெஸ்ட் கணக்கு 355இல் முடிந்தது.

அந்த லில்லிதான் 1987இல் சென்னைக்கு வந்தார். எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ரவி மாமன் நினைத்த திட்டம் அது: இந்தியாவில் வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கும் ஒரு பள்ளி. சேத்துப்பட்டில் எம்.சி.சி. பள்ளி வளாகத்தில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் அமைந்தது. இந்தியாவுக்காக இரண்டு டெஸ்ட் ஆடிய நம்ம டி.ஏ. சேகர் அங்கே நெடுங்காலம் பயிற்சியாளர். 14 வயது சச்சின் டெண்டுல்கர் வேகப்பந்து போட ஆசைப்பட்டு அங்கே வந்ததும், பேட்டிங்கைக் கவனி என்று லில்லி திருப்பி அனுப்பியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகிர் கான் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள். அங்கே பயிற்சி எடுத்த கிளென் மெக்ராத் 2012இல் லில்லியின் இடத்துக்கே வந்தார்.

அந்தக் காலத்துப் பெரிய விவாதம் 'மிக்ஸ்டு ஆக்‌ஷன்' பற்றியது. பௌலர் பின்கால் ஊன்றும்போது தோளும் இடுப்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். இரண்டும் பக்கவாட்டில் பார்த்தால் சைடு ஆன், இரண்டும் பேட்ஸ்மேனைப் பார்த்தால் ஃப்ரண்ட் ஆன். இரண்டுமே பாதுகாப்பு. இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் இருந்தால், ஒவ்வொரு பந்துக்கும் துணி பிழிகிற மாதிரி முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். அதுதான் மிக்ஸ்டு.

இது வெறும் கருத்து இல்லை என்று 1989இல் வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 16.8. அவர்களில் 11 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் அழுத்த முறிவு வந்தது. இன்னும் 27 சதவீதம் பேருக்கு முதுகுத் தசையில் காயம். பின்கால் ஊன்றுவதற்கும் முன்கால் ஊன்றுவதற்கும் நடுவில் தோளை 40 டிகிரிக்கு மேல் திருப்பியவர்களுக்கும், அளவுக்கு மீறிப் பந்து போட்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். கவனியுங்கள், இந்தக் கணக்கில் கை எப்படி வருகிறது என்ற பேச்சே இல்லை. காலும் இடுப்பும் தோளும் பந்துகளின் எண்ணிக்கையும்தான்.

கையின் கதை தனியாக நடந்துகொண்டிருந்தது. அதன் நாயகன் கண்டியைச் சேர்ந்த தமிழர், முத்தையா முரளிதரன். புனித அந்தோணியார் கல்லூரியில் படிக்கும்போது முதலில் மிதவேகம்தான் போட்டார். சுழலுக்கு மாறச் சொன்னவர் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அப்போது முரளிக்கு வயது 14.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். முரளி பந்தை எறிகிறார் என்று அம்பயர் டேரல் ஹேர் ஏழு தடவை நோ-பால் கொடுத்தார். பிறவியிலேயே முரளியின் முழங்கை முழுசா நீளாது. மடங்கிய கை வீச்சில் சுழலும்போது, நீட்டி எறிகிற மாதிரி கண்ணுக்குத் தெரியும். பெர்த்திலும் ஹாங்காங்கிலும் கேமராக்கள் வைத்து அளந்தார்கள். 2004இல், முழங்கையை அசைய விடாத ஓர் எஃகுப் பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டே வீசிக் காட்டினார் முரளி. அப்பவும் பந்து அதே மாதிரி திரும்பியது.

அந்த வருஷமே ஐ.சி.சி. நிபுணர்கள் மற்ற பௌலர்களையும் அளந்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே கொஞ்சமாவது முழங்கையை நீட்டுகிறார்கள் என்று தெரிந்தது. அதுவரை வேகத்துக்கு 10 டிகிரி, சுழலுக்கு 5 டிகிரி என்று வரம்பு இருந்தது. 2005 மார்ச்சிலிருந்து எல்லாருக்கும் 15 டிகிரி என்று ஆனது. அதற்குக் கீழே உள்ள நீட்சியை வெறும் கண்ணால் பிடிக்க முடியாது என்பது காரணம். அதாவது கண் ஏமாறும் என்று விதிப்புத்தகமே ஒப்புக்கொண்டுவிட்டது. முரளி 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார்.

இப்போ போரூருக்கு வருவோம். அங்கே இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையத்துக்கு, சந்தேகத்துக்குரிய பந்துவீச்சைச் சோதிக்க 2014இல் ஐ.சி.சி. அங்கீகாரம் கொடுத்தது. உடம்பில் ஒளியைத் திருப்பும் சின்னச் சின்ன குமிழ்களை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கேமராக்களை வைத்து, மூட்டு எத்தனை டிகிரி அசைகிறது என்று முப்பரிமாணத்தில் கணக்கிடுகிற வேலை இது.

பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் 2014 செப்டம்பரில் தடை செய்யப்பட்டார். வீச்சை மாற்றிக்கொண்டு 2015 ஜனவரியில் சென்னையில் சோதனைக்கு நின்றார். பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. ஆனா ஏப்ரல் மாத வங்கதேசப் பயணத்தோடு அவரது சர்வதேச ஆட்டமே முடிந்துபோனது. கை விதிக்குள் வந்தது, பழைய பந்து வரவில்லை. அப்போது அவருக்கு வயது 37.

14 வயது முரளியையும் 37 வயது அஜ்மலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் என்ன பந்து போடுவது என்பதையே மாற்றினார், அதன் மேல் ஒரு வாழ்க்கையைக் கட்டினார். இன்னொருவர் பல்லாயிரம் பந்துகளால் உடம்பில் பதிந்துபோனதை மாற்ற வேண்டியிருந்தது. பழக்கம் கெட்டியாவதற்கு முன்பு, பள்ளி வயதில் திருத்துவதுதான் சுலபம். எலும்பு முற்றாத வயதும் அதேதான் என்பதால், தவறாகத் திருத்தினால் சேதமும் அப்போதுதான் அதிகம்.

சாஃப்ட்பாலுக்குத் திரும்புவோம். கீழேயிருந்து வீசுவது உடம்புக்கு இயல்பு, தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். அளந்து பார்த்தபோது, பந்தை விடுகிற நேரத்தில் தோள்மூட்டில் விழும் இழுவிசை உடல் எடைக்கு நெருக்கமாகப் போவது தெரிந்தது. வளரும் பிள்ளைகளிடமும் அப்படித்தான். மேலேயிருந்து வீசும் பேஸ்பால் பிட்ச்சரின் தோளைவிட இது லேசான வேலை இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் பேஸ்பால் பிள்ளைகளுக்கு 13 முதல் 16 வயது வரை ஒரு நாளைக்கு 95 பந்துக்கு மேல் கூடாது என்று வழிகாட்டுதல் இருக்கிறது. சாஃப்ட்பாலில் அந்தக் கவலை வெகு தாமதமாகத்தான் வந்தது. அதனால் டீமுக்கு ஒரே ஒரு நல்ல பிட்ச்சர் இருந்தால், எல்லா மேட்சும் அந்தப் பிள்ளை தலையில்தான்.

விண்ட்மில் வீச்சில் வேகம் கிளம்புவது காலிலிருந்து. பின்கால் தரையைத் தள்ளுகிறது, முன்கால் நீண்டு ஊன்றுகிறது. கை உச்சிக்குப் போகும்போது உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கும், பந்தை விடும்போது இடுப்பு பேட்டரை நோக்கி வரும். கடைசியில்தான் கை. முன்கால் உறுதியாக நின்றால் கீழேயிருந்து வந்த வேகம் மேலே ஏறும். முழங்கால் தொய்ந்து மடங்கினால் அந்த வேகம் அங்கேயே செத்துப்போகும். விட்டுப்போன வேகத்தைத் தோள் தனியாக உண்டாக்க வேண்டியதாகிவிடும். பந்து அகலமாகப் போவது தெரியும், கை கோணலாக வருவதும் தெரியும். கோளாறு இருப்பது முழங்காலில்.

அந்த நேரத்தில் "கையை நேரா வீசு" என்றால், தோளில் ஏற்கெனவே இருக்கிற சுமையில் இன்னொரு கல்லை வைக்கிறோம் என்று அர்த்தம்.

போரூர் சோதனைக்கூடம் புகாருக்கு ஆளான சர்வதேச பௌலர்களுக்கானது. ஆவடியில் 15 வயதில் பந்து போடுகிற பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. போனில் ஸ்லோ மோஷன் வீடியோ இருக்கிறது. பக்கவாட்டில் ஒன்று, நேர் எதிரே ஒன்று எடுத்தால் போதும். முதலில் முன்காலைப் பாருங்கள், அப்புறம் இடுப்பு, கடைசியாகக் கை. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றணும், அதையும் மேட்ச் இல்லாத மாதங்களில். பிராக்டிஸில் போடுகிற பந்தையும் சேர்த்து ஒரு நோட்டில் எண்ணி எழுதணும். ஓய்வு எடுத்தும் தோளோ முதுகோ வலித்தால் தைலம் தேய்த்து மறுநாள் இறக்கிவிடாமல் டாக்டரிடம் காட்டணும்.

லில்லியின் முதுகெலும்பு விரிசல் விட்ட பிறகுதான் கிரிக்கெட் இதைக் கற்றுக்கொண்டது. நம்ம பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் விரிசலுக்கு முன்னாடியே கிடைக்க வழி இருக்கிறது, அதுவும் செலவில்லாமல்.