ஏற்காட்டு மலைப்பள்ளிகளின் வரலாறு

சேலம் நகரத்தினின்று வடதிசை நோக்குவார்க்குச் சேர்வராயன் மலை தோன்றும். அதன் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு என்னும் சிற்றூரை அடையலாம். ஏரிக்காடு என்பதே ஏற்காடு என மருவிற்றென்பர். அவ்வூர்க்குக் காப்பியால் வந்த பெயரினும் பள்ளிகளால் வந்த பெயர் குறைந்ததன்று. நம் சங்கத்து அன்பர் சிலர் தம் மக்களை அப்பள்ளிகளிற் சேர்க்க விரும்பி, நமது கல்வி நிதியினின்று பொருளுதவி வேண்டியுள்ளனர். ஆதலின் அவை எவ்வாறு தோன்றின, யாவர்பொருட்டுத் தோன்றின என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1820-களிலே சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அவர்க்குப் பின்னர்த் தோட்டத் துரைமார் பலர் குடியேறினர். சமவெளியின் வெயிலில் தம் குழந்தைகள் உடல் தேறார் என்பது அக்காலத்து ஐரோப்பியர் கொள்கை. செல்வமுடையார் தம் மக்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர். அதற்கு இயலாதார் மலைகளை நாடினர். சனாவரில் 1847-இலும் நீலகிரியில் 1858-இலும் லாரன்ஸ் பள்ளிகள் எழுந்தமைக்குக் காரணம் இதுவே. ஏற்காட்டில் 1894-இல் குளூனி சூசையப்பர் சபைச் சகோதரிகள் பெண்மக்களுக்குத் திரு இருதயக் கன்னியர்மடப் பள்ளியை நிறுவினர். 1917-இல் கபிரியேல் சபைச் சகோதரர்கள் ஆண்மக்களுக்கு மான்ட்போர்ட் பள்ளியைத் தொடங்கினர்.

இச்சகோதரர்கள் பிரான்சு தேசத்தார். அந்நாட்டரசு 1901-இலும் 1904-இலும் சட்டங்கள் இயற்றித் துறவோர் சபைகள் பள்ளி நடத்துதலைத் தடுத்தது. அதனால் ஆசிரியத் தொழிலில் வல்ல துறவியர் பலர் பிறநாடுகளை நாடினர். 1903-இல் கபிரியேல் சபையார் திண்டிவனம் வந்து சேர்ந்தனர். ஒரு நாடு வேண்டாவென்று தள்ளிய ஆசிரியர் மற்றொரு நாட்டிற்குப் பயன்பட்டமை வியப்பன்றோ! மான்ட்போர்ட் தொடங்கிய 1917-ஆம் ஆண்டோ முதல் உலகப்போர் நடந்த காலம். பிள்ளைகளைக் கடல்வழி அனுப்புதல் அஞ்சத்தக்கதாயிருந்தது. மலைப்பள்ளிகள் அக்காலத்து மிகவும் வேண்டப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதுகின்றோம்.

நிற்க. இத்தகைய பள்ளிகளை ‘பப்ளிக் ஸ்கூல்’ என மக்கள் வழங்குகின்றனர். அப்பெயரைக் கேட்டு மயங்குதல் கூடாது. இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளி 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னனால், 70 ஏழை மாணவர்க்கு இலவசமாகக் கற்பிக்கவென்றே நிறுவப்பெற்றது. பின்னாளில் அது பெருஞ்செல்வர் பள்ளியாயிற்று. பெயர் மட்டும் பொதுவென்றே நின்றது!

ஏற்காட்டு மலையோ சேலநாடு, முட்டநாடு, மொகநாடு என மூன்று நாடாகப் பகுத்து மலையாளி என்னும் பழங்குடியார் நெடுங்காலம் வாழ்ந்த நிலம். சேர்வராயர் கோயிலும் அவர்தம் வழிபாட்டிற்குரியது. அவர் மக்களை எண்ணி அப்பள்ளிகள் அமைந்தில. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோர் மக்களுக்கே அவை அமைந்தன. மலையின்கீழ்ச் சேலத்தில் 1857-இல் தோன்றிய பள்ளியோ வளர்ந்து நகராட்சிக் கல்லூரியாகி, நம்மவர்க்குக் கல்வி வழங்கிற்று. மேலே ஒரு வாயில், கீழே ஒரு வாயில் என்றவாறு அக்காலத்துக் கல்வி நடந்தது.

1947-க்குப் பின்னர் ஆங்கிலேயர் நாடு திரும்ப, மலைப்பள்ளிகள் இந்தியப் பிள்ளைகளை நோக்கத் தொடங்கின. இதற்குச் சட்டமும் துணைநின்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 337-ஆம் பிரிவு, ஆங்கிலோ இந்தியர் பள்ளிகளுக்குத் தரும் மானியம் மூன்றாண்டுக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு குறைந்து, பத்தாண்டில் முடிவுறும் என்றது. அம்மானியம் பெறும் பள்ளி ஆண்டுதோறும் சேர்க்கும் மாணவரில் 100-க்கு 40 இடமேனும் பிற சமூகத்தார்க்குத் தருதல் வேண்டும் என்றும் விதித்தது. சசி தரூர், கிரிக்கெட் வீரர் ரோஜர் பின்னி, நடிகர் விக்ரம் முதலியோர் மான்ட்போர்ட்டிற் பயின்றமை பலரும் அறிந்தது.

எனினும் இன வேலி நீங்கிய இடத்திற் கட்டணவேலி எழுந்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 100-க்கு 25 இடம் எளியோர்க்கு உரியதென்றது. ஆயின் சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாதென 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலைவாழ் மக்கள் பிள்ளைகளோ அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் சிற்றூர்ப் பள்ளிகளிலும் பயில்கின்றனர். 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும் அப்பள்ளிகளின்வழியே அன்னார்க்குக் கிடைத்தது.

இனி, நம் நிதிக்கு வருவோம். மலைப்பள்ளியிற் கற்றல் குற்றமன்று. பொருளுடையார் தாராளமாகச் சேர்க்கலாம். பொதுநிதியைப் பற்றிய எமது கருத்து வேறு. விடுதியிலிருந்து பயிலும் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணம், அடிவாரத்தினின்று சேலத்துக்கு நாள்தோறும் பஸ்ஸிற் செல்லும் பல பிள்ளைகளின் புத்தகத்திற்கும் தேர்வுக் கட்டணத்திற்கும் போதும். அடுத்த பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் இவ்விரண்டு செலவுகளின் கணக்கையும் அருகருகே எழுதிப் பார்த்துப் பின்னர்த் தம் வாக்கை அளிப்பாராக.