ஆடுகளத்தில் எல்லோருக்கும் ஒரு சேரி

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து, கல்முனை வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால், காத்தான்குடியை அடுத்து வருவது ஆரையம்பதி. கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கு இப்பால் எழுவான்கரை, அப்பால் படுவான்கரை. 2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் இரு கரைகளையும் இணைத்து வந்தது படகுப்பாதையே. கண்ணகி வழிபாடு ஆழ வேரூன்றிய இந்த வாவிக்கரை மண்ணுக்கு உரிய விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் கொம்புமுறி.

வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பிணைத்து, இரு கட்சியார் இரு புறமும் நின்று இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். ஒரு கட்சி வடசேரி; அது கோவலன் பக்கம். மற்றது தென்சேரி, அது கண்ணகி பக்கம். (சேரி என்பது இங்கே கட்சியையே குறிக்கும், தமிழக வாசகர்கள் வேறு பொருள் கொள்ள வேண்டாம்.) மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் கண்டாலும் அம்மனைக் குளிர்விக்கவென ஊர் கூடி நடத்தியது இது. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இவ்விளையாட்டைப் பதிவு செய்திருக்கின்றது. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்தை ஒட்டி நடைபெறும் 'அங்கெலிய'வும் இதன் உடன்பிறப்பே.

இதில் என் சிந்தையைக் கவர்ந்தது இழுக்கும் வலிமையன்று, அணி சேரும் முறைதான். யார் எந்தச் சேரி என்பது பிறப்பால் அமைந்துவிடுகின்றது. தோள் வலிமை பார்த்து ஆள் பொறுக்கும் வழக்கம் அங்கில்லை. வென்றாலும் தோற்றாலும் குடும்பம் முழுவதும் தன் சேரியோடு நிற்கும். இழுப்போருக்குப் பின்னால் பாடுவோரும் இருப்பர். அந்த விதிப்படி பார்த்தால், கால் நடக்க இயலாதவனுக்கும் கண் தெரியாதவனுக்கும் ஒரு சேரி இருந்தே தீர வேண்டும்.

நமது இன்றைய விளையாட்டுத் திடல்களில் அந்த விதி இருக்கின்றதா?

செய்தியாளனாகப் பல பாடசாலை விளையாட்டு விழாக்களுக்குச் சென்றிருக்கின்றேன். போலியோவால் கால் சூம்பிய சிறுவனொருவன் புள்ளி எழுதும் மேசையருகே அமர்ந்திருப்பான். 'அவனுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கின்றோம்' என்று பெருமையோடு சொல்வார்கள். நானும் வென்றவர்களின் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிடுவேன். அவனுடைய பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. போரும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளும் இக்கரையில் உறுப்பிழந்தோரை விட்டுச் சென்ற பின்னரே, அந்த மேசையருகே இருந்தவனைப் பற்றி யோசிக்கத் தலைப்பட்டேன்.

உலக வரலாற்றை நோக்குவோம். ஜேர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், முள்ளந்தண்டு முறிந்த போர்வீரர்களுக்கு ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்து வந்தார். இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 ஆம் திகதியன்றே, சக்கரநாற்காலியில் இருந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டியொன்றை அவர் நடத்தினார். அதுவே வளர்ந்து 1960 இல் ரோம் நகரில் முதலாவது பராலிம்பிக் ஆயிற்று. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது பதக்கமன்று. சேர்ந்து வில் வளைக்க ஒரு கூட்டம்.

இலங்கையின் முதலாவது பராலிம்பிக் பதக்கம் 2012 இல் இலண்டனில் கிடைத்தது. 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றவர் பிரதீப் சஞ்சய. 2021 ஓகஸ்ட் 30 அன்று டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் ஈட்டியெறிந்து, உலக சாதனையுடன் நாட்டின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தை வென்றார். இருவரும் போரில் காயமுற்ற படைவீரர்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காயமுற்றவர்களுக்குத் திடல், பயிற்றுநர், சம்பளம், உடன் பயிலத் தோழர்கள் ஆகிய நான்கையும் ஒருங்கே தரவல்ல அமைப்பாகப் படை இருந்தது. அதே போரில் காலிழந்த கிழக்கின் விவசாயிக்கோ மீனவர் மகனுக்கோ அப்படியோர் அமைப்பு இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென 1996 இலேயே 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது; 2016 இல் ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. சட்டம் உரிமையைச் சொல்லும். விளையாட வாவென்று வீட்டு வாசலில் வந்து அழைக்காது.

அழைப்பு எங்கிருந்து வரலாம் என்பதற்குத் தமிழகம் ஒரு சான்று தருகின்றது. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பாடசாலைக்கு நடந்து செல்கையில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர். தாய் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் பாய்தலுக்கு ஊக்கினார். 14 ஆவது வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். 2016 இல் ரியோவில் 1.89 மீற்றர் பாய்ந்து தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 இல் பாரிஸில் வெண்கலம் என மூன்று பராலிம்பிக்கிலும் பதக்கம் பெற்றார். தங்கத்தையே நாம் கொண்டாடுகின்றோம். எனக்கோ அந்த இரண்டாம் இடமே பெரிதாகத் தோன்றுகின்றது. அன்று அவரைப் புள்ளி மேசையருகே அமர்த்தியிருந்தால் ரியோ இல்லை.

நட்பை விதியாகவே எழுதி வைத்த விளையாட்டும் உண்டு. பார்வையற்றோர் கிரிக்கெட்டில், உள்ளே மணிகள் உருளும் பந்தின் ஓசையைக் கேட்டு ஆடுவர். பதினொருவரில் குறைந்தது நால்வர் முற்றிலும் பார்வையற்றவராக இருத்தல் வேண்டும். எஞ்சியோர் ஓரளவு பார்வையுள்ளவர்கள். முற்றாகப் பார்வையற்றவர் எடுக்கும் ஓர் ஓட்டம் இரண்டாகக் கணக்கிடப்படும். ஒரு முறை நிலத்தில் பட்டெழுந்த பந்தை அவர் பிடித்தாலும் ஆட்டமிழப்புத்தான். ஆகவே பார்வை மிகக் குறைந்தவன் அணிக்குச் சுமையல்லன்; அவனின்றி அணியே இல்லை. 1998 இல் புதுடில்லியில் இதன் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றபோது இலங்கையும் கலந்துகொண்டது.

இந்த விதியைக் கேட்டபோது கொம்புமுறியே என் நினைவுக்கு வந்தது.

ஆரையம்பதியிலும், வாவியின் இரு கரைகளிலும் உள்ள பாடசாலைகளில் ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறுகின்றது. சேரும் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இல்லம் குறிக்கப்படுகின்றது, வேகம் பார்த்தல்ல. வடசேரி, தென்சேரியை நினைவூட்டும் நல்ல வழக்கம் அது. ஆயினும் பெயரேட்டில் மட்டும் இல்லமுள்ள பிள்ளைகள் இன்னும் இருக்கின்றார்கள். அவர்களுக்கென ஓரிரு நிகழ்ச்சிகளை வைத்து, ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்புவது போதாது. அவர்கள் பெறும் புள்ளிகள் இல்லத்தின் மொத்தப் புள்ளிகளோடு சேர வேண்டும். அப்போது இல்லத் தலைவன் தானே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போவான். 'நாளைக்குப் பயிற்சி இருக்கு, தம்பி, கட்டாயம் வா' என்பான். அவன் இரக்கத்தால் போக மாட்டான். தன் இல்லம் வெல்ல வேண்டுமென்பதற்காகவே போவான். போய்வரப் போய்வர நட்பு தானாக விளையும்.

இதற்குப் பெரும் பணமோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. புள்ளி எழுதும் ஏட்டில் ஒரு நிரல் கூடுதலாக வேண்டும். அடுத்த முறை அத்திடலுக்குச் செல்லும் செய்தியாளர் அந்த நிரலில் உள்ள பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். நான் செய்யத் தவறியது அது.